பழைய மொறிஸ் மைனருக்கு டிஸ்க் பிறேக்

கண்டியிலிருந்து கொழும்புக்கு வரும் கார் கடுகண்ணாவை இறக்கத்தில் இறங்குகையில், அதன் வேகத்தை அடக்கும் பொறுப்பின் பெரும்பகுதி பிறேக்குகளையே சாருகின்றது. ஓட்டத்தின் ஆற்றலை வெப்பமாக்கிக் காற்றில் விடுவதே அவற்றின் தொழில். அவ்வெப்பம் வெளியேற வழியின்றேல் ஆபத்து அங்கே தொடங்குகின்றது.

அலெக் இசிகோனிஸ் வகுத்தமைத்த மொறிஸ் மைனர் 1948 இல் வெளிவந்தது. அதன் நான்கு சில்லுகளிலும் ட்றம் பிறேக்குகளே இருந்தன. 1962 இல் 1098 கன சென்ரிமீற்றர் எஞ்சின் பொருத்தப்பட்டபோது முன் ட்றம்களின் விட்டம் 7 அங்குலத்திலிருந்து 8 அங்குலமாயிற்று. மூடிய ட்றம்மினுள்ளே வெப்பம் தேங்கும். சூடேறிய ட்றம் விரிந்து சூக்களை விட்டு விலகும். மிதி மேலும் மேலும் தாழும். டிஸ்க்கோ காற்றில் திறந்தபடி சுழல்வது. சூடேறினால் அது தடிப்பாகிப் பட்டைகளை நோக்கியே விரியும். 1953 இல் லெ மான் ஓட்டப்போட்டியில் ஜாகுவார் வென்றபின் இதன் பெருமை எங்கும் பரவியது.

மைனரின் முன்னமைப்பைப் பெரிதும் தழுவியே 1971 இல் மொறிஸ் மரீனா உருவாயிற்று. ஆகவே அதன் டிஸ்க் உறுப்புகளை மைனருக்குச் சிறு மாற்றங்களோடு பொருத்தலாம். ஆயினும் முன்சில்லைத் தாங்கும் திருகு மூட்டுகளை முதலிற் சோதித்தல் வேண்டும். கிறீஸ் காணாத மூட்டுக் கழன்றால் சில்லே மடிந்துவிடும். அத்தகைய காருக்கு டிஸ்க் பூட்டுவது வீண் செலவு. கழற்றும்போது பழைய பிறேக் தூசை ஊதுதலும் ஆகாது. அதில் கல்நார் இருக்கக்கூடும்.

பலர் தவறுமிடம் வேறொன்று. மைனரின் தலைமைச் சிலிண்டர் ஓட்டுநரின் காலடியில், தளத்தின் கீழே உள்ளது. அதனுள் இருக்கும் வால்வு, ட்றம்களுக்கு வேண்டிய சிறு அமுக்கத்தைக் குழாய்களில் எப்போதும் நிறுத்திவைக்கும். இதே அமுக்கம் டிஸ்க்கின் பட்டைகளை ஓயாது உரசச்செய்து சூடாக்கும். எனவே அவ்வால்வை அகற்றவேண்டும். அகற்றினாலோ, சிலிண்டர் தாழ்வாக இருப்பதனால் திரவம் பின்வாங்கி, அடுத்தமுறை மிதி வெறுமையாகத் தாழும். ஆதலின் முன்குழாயில் மிகக் குறைந்த அமுக்கமுள்ள வால்வொன்றும், பின் ட்றம்களின் குழாயில் சற்றே கூடிய அமுக்கமுள்ள மற்றொன்றும் அமைத்தல் முறையாகும். இதை விட்டுவிட்டு, 'டிஸ்க் போட்டாயிற்று' என்று மலைப்பாதையில் இறங்குவது பழைய ட்றம்மோடு செல்வதிலும் கேடானது.

மிதி கடினமாவதும் வியப்பன்று. ட்றம் சுழலும் வேகமே முன் சூவை உள்ளிழுத்து இறுக்கும். டிஸ்க்கில் அத்துணை இல்லை. எஞ்சினின் உறிஞ்சுவிசையால் இயங்கும் சேவோவைச் சேர்த்தால் காலின் சுமை குறையும். ஒரே குழாய்ச்சுற்று எங்கேனும் ஒழுகினால் நான்கு பிறேக்குகளும் ஒருங்கே செயலிழக்கும் என்ற குறை மட்டும் டிஸ்க்கினால் தீராது. செலவுக்கு வசதியுள்ளோர் இரட்டைச் சுற்றுடைய தலைமைச் சிலிண்டரையும் அப்போதே மாற்றுதல் நன்று.

உருவம் மாறாது பேணுவோர் இம்மாற்றத்தை விரும்பார். அவர் கொள்கையிலும் நியாயமுண்டு. கழற்றிய உறுப்புகளை எண்ணெய் பூசிப் பத்திரப்படுத்தினால் மீண்டும் பூட்டலாம். புதிய திரவம் நிரப்பிக் காற்றை முற்றாக நீக்கியபின், வெறிச்சோடிய சமதரையில், மெதுவான வேகத்தில் முதற் சோதனை நடைபெறவேண்டும். பின்சில்லுகள் முன்சில்லுகளுக்கு முந்தி இறுகினால் கார் சுழலும். அப்போது வேலை இன்னும் முடியவில்லை.