ரியாக்டர் ஓட்டினால் டிகிரி கிடைக்குமா?

பி.காம். படித்தவனிடம் 'கிரெடிட்' என்று சொல்லிப் பாருங்கள். கை தானாக வலது பக்கம் போகும். டெபிட் இடது, கிரெடிட் வலது, இரண்டும் டேலி ஆகாவிட்டால் ராத்திரி தூக்கம் போச்சு! அமெரிக்கக் கல்லூரிகளில் இதே வார்த்தைக்கு வேறு கணக்கு. சுமார் 15 மணி நேரம் வகுப்பில் உட்கார்ந்து, பரீட்சையும் எழுதித் தேறினால் ஒரு கிரெடிட். இப்படி 120 வாக்கில் சேர்த்துவிட்டால் கையில் பி.எஸ். பட்டம். (நம் ஊர்க் கல்லூரிகளிலும் இந்த முறை வந்துவிட்டது. மார்க் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அப்பாக்கள் முழிப்பது அதனால்தான்.)

இந்தக் கணக்கில் ஒரு விசேஷமான வரவு இருக்கிறது. அணுமின் நிலையத்தில், கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்து ரியாக்டரை ஓட்டுகிறார்களே ஆபரேட்டர்கள், அவர்கள் கம்பெனியில் எடுத்துக்கொண்ட பயிற்சியையே கல்லூரிக் கிரெடிட்டாக மாற்றிக்கொள்ள அங்கே வழி உண்டு.

"என்ன சார் விளையாடறீங்க? அணு உலையை ஓட்டறவருக்கு டிகிரி கிடையாதா?"

கட்டாயம் கிடையாது. அமெரிக்காவில் ஆபரேட்டர் வேலைக்கு அடிப்படைத் தகுதி, பள்ளிப் படிப்பை முடித்திருக்க வேண்டும் என்பதுதான். நிறைய பேர் கடற்படையில் சப்மரீன் ரியாக்டரை ஓட்டிவிட்டு, யூனிஃபார்மைக் கழற்றிய கையோடு இங்கே வந்து சேருகிறவர்கள். உடனே வெள்ளைக் கோட்டு, தடிமனான கண்ணாடி, பிஎச்.டி. என்று சினிமாவில் பார்த்த விஞ்ஞானியைக் கற்பனை செய்துகொள்ளாதீர்கள். டிபன் பாக்ஸோடு ஷிப்டுக்கு வருகிற ஆசாமி.

ஆனால் 'அடடே, நாமும் போகலாமே' என்று கிளம்பிவிடவும் வேண்டாம். லைசென்ஸ் கொடுப்பது என்.ஆர்.சி. எனப்படும் அணுசக்தி ஒழுங்குமுறை ஆணையம். முதலில் அடிப்படைப் பாடங்களில் ஒரு பரீட்சை: ரியாக்டர் இயற்பியல், வெப்ப இயக்கவியல், பம்ப், வால்வு, மோட்டார். 50 கேள்விகள். பாஸ் மார்க் 35 இல்லை சார், 80 சதவிகிதம்! அதற்குப் பிறகு அந்தந்த நிலையத்துக்கென்று தனிப் பரீட்சை. சாதா ஆபரேட்டருக்கு 75 கேள்விகள். சீனியர் ஆபரேட்டருக்கு மேலும் 25. அங்கேயும் 80. அப்புறம் சிமுலேட்டரில் உட்கார வைத்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோளாறுகளை அவிழ்த்துவிட்டு வேடிக்கை பார்ப்பார்கள். இதற்கெல்லாம் தயாராக ஒன்றரை, இரண்டு வருஷம் ஆகிவிடும்.

சரி, பாஸ் பண்ணியாச்சு, இனிமேல் ஹாய்யாக இருக்கலாம் என்றால் அதுவும் இல்லை. லைசென்ஸ் ஆறு வருஷத்துக்குத்தான். நடுவில் வருஷா வருஷம் செய்முறைத் தேர்வு. இரண்டு வருஷத்துக்குள் எழுத்துத் தேர்வு, மருத்துவப் பரிசோதனை. ஐந்தாறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு வாரம் முழுக்க வகுப்பு. மாமனார் வீட்டுக்குக்கூட இத்தனை தடவை போகமாட்டார்! போதாததற்கு, லைசென்ஸ் அந்த நிலையத்துக்கு மட்டுமே செல்லும். சென்னையில் பஸ் ஓட்டும் டிரைவரிடம், "உனக்கு 12பி மட்டும்தான், 23சி-யில் ஏறணும்னா மறுபடியும் பரீட்சை" என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி.

இவ்வளவு படித்தவர் வேறு எங்காவது வேலைக்கு மனுப் போட்டால், 'கல்வித் தகுதி' என்ற கட்டத்தில் என்ன எழுதுவார்? 'ஹைஸ்கூல்.' அவ்வளவுதான். அந்தக் கட்டத்தின் வலி அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் போனால் உங்களுக்கே தெரியும். புதிதாக வந்த இன்ஜினீயருக்கு மெஷினைக் காட்டிக் கற்றுக் கொடுத்துவிட்டு, அடுத்த மாதமே அவரை 'சார்' என்று கூப்பிட்டு லீவ் லெட்டர் நீட்டும் சீனியர் ஃபிட்டர்கள் எத்தனை பேர்!

ஆபரேட்டருக்கு டிகிரி வேண்டுமா, வேண்டாமா என்ற கேள்வியை அமெரிக்கா சீரியஸாகக் கேட்டது ஒரு விடியற்காலைக்குப் பிறகு. 1979 மார்ச் 28, காலை நாலு மணி. பென்சில்வேனியா மாநிலத்தில் த்ரீ மைல் ஐலண்ட், இரண்டாவது யூனிட். நீராவிப் பக்கம் தண்ணீர் அனுப்பும் பம்புகள் நின்றன. ரியாக்டர் சில நொடிகளில் தானாக அணைந்தது. அதுவரை எல்லாம் புத்தகத்தில் சொன்னபடிதான். அழுத்தத்தைக் குறைக்கத் திறந்த ஒரு வால்வு, பழையபடி மூடிக்கொள்ள வேண்டும். மூடவில்லை. ஆனால் பேனலில் இருந்த விளக்கோ, 'மூடு என்று உத்தரவு போயாச்சு' என்பதை மட்டும் காட்டும் விளக்கு. உத்தரவு போனால் வேலை நடந்துவிடுமா? நம் ஆபீஸில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்! அங்கே அது தெரியவில்லை. வால்வு மூடிவிட்டது என்றே நினைத்துக்கொண்டார்கள்.

நூற்றுக்கு மேல் அலாரங்கள் ஒரேயடியாகக் கத்துகின்றன. அவசரத் தண்ணீர்ப் பம்புகள் தாமாகவே ஓட ஆரம்பித்து, ரியாக்டருக்குத் தண்ணீர் கொடுக்கின்றன. ஆபரேட்டர்கள் மானியைப் பார்த்தார்கள். பிரஷரைசர் என்ற தொட்டியில் தண்ணீர் மட்டம் ஏறிக்கொண்டே போகிறது. 'ஐயையோ, நிரம்பி வழியப் போகுது' என்று அவசரத் தண்ணீரைக் குறைத்தார்கள். உயிர் காக்க வந்த தண்ணீரை!

உண்மையில் உள்ளே தண்ணீர் குறைந்துகொண்டிருந்தது. பிறகு மட்டம் ஏன் ஏறியது? கோலி சோடாவை உடைத்ததும் என்ன ஆகிறது? அழுத்தம் போகிறது, குமிழிகள் கிளம்பி சோடாவை மேலே தள்ளுகின்றன. சோடா அதிகமாகிவிட்டது என்றா அர்த்தம்? அதேபோல, அழுத்தம் குறைந்ததும் ரியாக்டர் தண்ணீர் கொதித்து ஆவியாகி, இருந்த தண்ணீரைப் பிரஷரைசருக்குள் ஏற்றியது.

அந்த ஷிப்டில் இருந்த நாலு பேருமே கடற்படை ரியாக்டரில் பழகியவர்கள். சோம்பேறிகளோ, கத்துக்குட்டிகளோ இல்லை. பிரஷரைசரை விளிம்பு வரை நிரப்பவே கூடாது என்பது அங்கே அவர்களுக்கு ஊட்டப்பட்ட பாடம். சப்மரீன் ரியாக்டர் சின்னது. அணைத்த பிறகு மிஞ்சும் சூடும் சின்னது. இதுவோ ராட்சசன். அணைத்த மறு நிமிடமும் முழு சக்தியில் ஆறேழு சதவிகிதச் சூடு உள்ளே கனன்றுகொண்டிருக்கும். கை பழகின வித்தை, இடம் மாறியதும் கழுத்தை அறுத்தது.

இதில் என்னை உலுக்குவது ஒன்றுதான். அழுத்தம் எவ்வளவு, வெப்பம் எவ்வளவு என்று காட்டும் இரண்டு மானிகளும் அவர்கள் கண் முன்னாலேயே இருந்தன. இரண்டையும் சேர்த்து, 'ஸ்டீம் டேபிள்' என்ற அட்டவணையில் பார்த்தால், உள்ளே தண்ணீர் கொதிக்கிறது என்பது தெரிந்திருக்கும். மெக்கானிகல் இன்ஜினீயரிங் மாணவர்கள் பரீட்சைக்கு முந்தின நாள் திட்டிக்கொண்டே புரட்டுகிற அதே அட்டவணை! திறந்த வால்வுக்குப் பின்னால் இருந்த இன்னொரு வால்வை மூடி ஒழுகலை நிறுத்தியபோது, இரண்டு மணி இருபது நிமிடம் ஓடிவிட்டது. அதற்குப் பிறகும் தலைவலி தீரவில்லை. உலையின் மையப்பகுதியில் சுமார் பாதி உருகிப்போனது. இதே மாதிரி வால்வு, இதே மாதிரி தப்பு, 1977 செப்டம்பரில் ஒஹையோவின் டேவிஸ்-பெஸ்ஸி நிலையத்தில் நடந்து, குறைந்த சக்தியில் ஓடியதால் தப்பித்திருந்தது. அந்த அனுபவம் இவர்களுக்கு வந்து சேரவே இல்லை.

விசாரணைக் கமிஷனுக்குத் தலைவர் ஜான் கெமனி. கம்ப்யூட்டர் சென்டரில் ஃபீஸ் கட்டி 'பேசிக்' படித்தவர்களுக்கு ஒரு தகவல்: அந்த பேசிக் மொழியை உருவாக்கிய இருவரில் இவர் ஒருவர். கமிஷன் ஆபரேட்டர்களை மட்டும் கூண்டில் ஏற்றிவிட்டுப் போகவில்லை. பயிற்சியே சரியில்லை என்றது. அவர்கள் பழகிய சிமுலேட்டரில் இப்படி ஒரு நிலைமையை உண்டாக்கிக் காட்டவே முடியாது என்பதும் வெளியே வந்தது.

அதன் பிறகு மாற்றங்கள் மளமளவென்று வந்தன. 1979-லேயே மின் நிறுவனங்கள் கூடி 'இன்போ' என்ற அமைப்பை ஆரம்பித்தன. ஒவ்வொரு ஷிப்டிலும், டிகிரியோ அதற்குச் சமமான படிப்போ உள்ள ஒரு தொழில்நுட்ப ஆலோசகர் இருக்க வேண்டும் என்றார்கள். 1985-ல் அணுசக்திப் பயிற்சிக்கென்று தேசிய அகாடமி வந்தது. இதற்குக் காம்பவுண்ட் சுவர், கேண்டீன், கல்ச்சுரல்ஸ் எல்லாம் கிடையாது. நிலையங்களின் பயிற்சித் திட்டங்களைச் சோதித்து அங்கீகாரம் கொடுக்கும் ஏற்பாடு.

'சீனியர் ஆபரேட்டர் என்றால் டிகிரி கட்டாயம்' என்று விதியே போட்டுவிடலாமா என்றும் என்.ஆர்.சி. யோசித்தது. கிளம்பியது எதிர்ப்பு! இருபது வருஷம் பேனல் முன்னால் நின்றவனுக்கு மேலே போகும் ஏணி உடைந்துவிடும். அனுபவசாலி வேறு வேலை தேடிப் போவான். டிகிரி வாங்கியவனோ நைட் ஷிப்டில் எத்தனை நாள் தாக்குப் பிடிப்பான்? வாதம் வருஷக்கணக்கில் நடந்தது. கடைசியில் 1989 ஆகஸ்டில் கட்டாயத்தைக் கைவிட்டு, 'டிகிரி வாங்க ஊக்குவியுங்கள்' என்று கொள்கை அறிக்கையோடு நிறுத்திக்கொண்டது. எனக்கு இது சரியான முடிவாகத்தான் படுகிறது. அன்றைக்கு வேண்டியிருந்தது ஸ்டீம் டேபிளைப் பார்க்கும் புத்தி. சுவரில் மாட்டிய பட்டம் தானாக இறங்கி வந்து வால்வை மூடாது.

ஊக்குவி என்றால் எப்படி? ஷிப்டை விட்டுவிட்டு நாலு வருஷம் காலேஜ் போக முடியுமா? இங்கேதான் கிரெடிட் கதை வருகிறது.

அமெரிக்கக் கல்வி கவுன்சில் என்று ஒன்று 1918-லிருந்து இருக்கிறது. ராணுவப் பயிற்சிகளை மதிப்பிட்டுப் பழகியது. 1974-லிருந்து கம்பெனிகள் நடத்தும் கோர்ஸுகளையும் மதிப்பிடுகிறது. பேராசிரியர்கள் வந்து உட்காருவார்கள். எத்தனை மணி நேரம், என்ன பாடம், யார் நடத்தினார், என்ன கேள்வித்தாள் என்று நம் ஆடிட்டர்கள் வவுச்சர் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். பிறகு, 'இதற்கு வெப்ப இயக்கவியலில் இத்தனை கிரெடிட் தரலாம்' என்று எழுதுவார்கள். கவனியுங்கள், 'தரலாம்'தான். கல்லூரி ஏற்றுக்கொண்டால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. கவுன்சில் எழுதிக் கொடுப்பது செக் அல்ல, சிபாரிசுக் கடிதம்.

ஏற்றுக்கொள்வதில் தாராளமான கல்லூரிகள் இரண்டு. ஒன்று, நியூஜெர்சியின் தாமஸ் எடிசன் மாநிலக் கல்லூரி. 1972-ல் ஆரம்பித்து, 2015-லிருந்து பல்கலைக்கழகம். இன்னொன்று, நியூயார்க் மாநிலத்தில் 1971-ல் தபால் வழிப் பட்டத் திட்டமாகப் பிறந்து, ரீஜண்ட்ஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு, 2001-ல் எக்செல்சியர் ஆன கல்லூரி. அதுவும் 2022-லிருந்து பல்கலைக்கழகம். வேலை பார்க்கும் பெரியவர்களுக்கென்றே பிறந்தவை இவை. அணுசக்திப் பொறியியல் தொழில்நுட்பத்தில் பட்டமே வைத்திருக்கின்றன. கடற்படைப் பயிற்சியும் ஆபரேட்டர் பயிற்சியும் இங்கே நல்ல விலைக்குப் போகும்.

முழு 120-ம் இப்படியே கிடைத்துவிடும் என்று நினைக்க வேண்டாம். இங்கிலீஷ் கட்டுரை, சரித்திரம், கால்குலஸ் இதெல்லாம் தனியாக எழுதித் தேற வேண்டும். ரியாக்டரை விரல் நுனியில் வைத்திருக்கும் மனுஷன் ஷேக்ஸ்பியரிடம் வந்து முட்டிக்கொள்வது ஒரு பரிதாபமான காட்சிதான்! டூட்டியில் படிக்கலாம் என்றால் வேலைக்கே உலை. 1987-ல் பென்சில்வேனியாவின் பீச் பாட்டம் நிலையத்தில் ஆபரேட்டர்கள் ஷிப்டில் தூங்கியது தெரிந்து, என்.ஆர்.சி. நிலையத்தையே மூடச் சொன்னது. ஆகவே படிப்பெல்லாம் ஆஃப் நாட்களில், பிள்ளைகள் தூங்கிய பிறகு.

இப்போது எதிர்த்திசையிலும் பஸ் ஓடுகிறது. அணுமின் நிலையத்துக்கு வேண்டிய பாடங்களையே உள்ளூர்க் கம்யூனிட்டி கல்லூரிகள் இரண்டு வருஷப் படிப்பாக நடத்துகின்றன. முடித்தவர் வேலைக்குச் சேர்ந்தால், அங்கே அதே பாடத்தை மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டியதில்லை.

நம் பக்கம் எப்படி? டிராம்பேயில் 1957-ல் தொடங்கிய பயிற்சிப் பள்ளி, பட்டதாரிகளை எடுத்து ஒரு வருஷம் வறுத்தெடுக்கும். வெகுகாலம் அதற்குப் பட்டம் கிடையாது. 2005-ல் ஹோமி பாபா தேசிய நிறுவனம் நிகர்நிலைப் பல்கலைக்கழகமானது. கல்பாக்கம் இந்திரா காந்தி மையமும் அதில் சேர்த்தி. அதன் பிறகு, அந்த ஒரு வருஷப் பயிற்சியோடு இன்னொரு வருஷம் புராஜெக்ட் செய்தால் எம்.டெக். என்று ஆயிற்று. கம்பெனிப் பயிற்சி கிரெடிட்டாவது நமக்கும் புதுசில்லை.

ஆனால் அது ஏற்கெனவே டிகிரி இருப்பவர்களுக்கு. டிப்ளமா முடித்து, ஸ்டைபெண்டரி டிரெய்னியாகச் சேர்ந்து கண்ட்ரோல் ரூம் வரை போகிறவருக்கு? முன்பெல்லாம் ஏ.எம்.ஐ.இ. இருந்தது. ஷிப்ட் முடிந்து வந்து செக்‌ஷன் ஏ, செக்‌ஷன் பி என்று வருஷக்கணக்கில் முட்டி மோதி எழுதுவார்கள். 2013 மே 31-க்குள் சேர்ந்தவர்களோடு, அதை டிகிரிக்குச் சமமாக ஏற்பதும் நின்றுபோனது.

ராணுவத்தில் மட்டும் ஒரு வழி இருக்கிறது. மெட்ரிக் படித்து 15 வருஷம் சேவை முடித்தவரை, மத்திய அரசின் குரூப் 'சி' வேலைகளில் பட்டதாரிக்குச் சமமாக வைக்கிறார்கள். டெக்னிகல் வேலைக்கு அது செல்லாது. 2023-ல் வந்த தேசியக் கிரெடிட் வரைமுறை, வேலை அனுபவத்தையும் பயிற்சியையும் கிரெடிட்டாக எண்ணலாம் என்கிறது. எண்ணுவதற்கு வவுச்சர் பார்க்கத் தெரிந்த பேராசிரியர்களும், 'தரலாம்' என்றதும் தருகிற கல்லூரிகளும் வேண்டும். அம்பத்தூர் ஃபிட்டர்கள் சர்வீஸ் சர்ட்டிபிகேட்டை லேமினேட் செய்து தயாராகத்தான் வைத்திருக்கிறார்கள்.