விளம்பரத் தலைப்பில் அடுத்த கடையின் பெயரா?

ஹோம்புஷ்ஷில மாமாவின்ர கடைக்கு கூகுள் விளம்பரம் செய்து குடுக்கப் போறீங்களா? முதல்ல இந்த வழக்கைத் தெரிஞ்சுகொள்ளுங்கோ.

2005இல் நியூகாசிலில் உள்ள க்ளோஸ்டர் ஃபோர்ட் என்ற கார் விற்பனை நிலையத்தைத் தேடியவர்களுக்கு, அதே பெயரைத் தலைப்பாகப் போட்ட விளம்பரம் ஒன்று வந்தது. கிளிக் பண்ணினால் போனதோ டிரேடிங் போஸ்ட் தளத்துக்கு! ஏசிசிசி 2007இல் வழக்குப் போட்டது. டிரேடிங் போஸ்ட் செய்தது மக்களைத் தவறாக வழிநடத்தும் செயல் என்று 2011இல் ஃபெடரல் கோர்ட் தீர்ப்பளித்தது. கூகுளை மட்டும் 2013இல் ஹை கோர்ட் விடுவித்தது. அந்த விளம்பரத்தை எழுதினது கூகுள் இல்லையே.

அப்ப, தலைப்பில வாற ஒவ்வொரு சொல்லுக்கும் பொறுப்பு நீங்கள்தான். உங்கட கடைப் பெயர், இடம், உண்மையா விக்கிற சாமான்: இதையே எழுதுங்கோ. சின்னச் சமூகம்; கெட்ட பெயரை விளம்பரத்தால திருத்தேலாது.