புதுச்சேரித் தமிழ்ப் புரட்சி வெளியீடுகள்

புதுச்சேரித் தமிழ்ப் புரட்சி வெளியீடுகள் என்பன, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அடைக்கலம் புகுந்த தமிழ் எழுத்தாளர்கள் பிரித்தானிய ஆட்சியை எதிர்த்து 1908 முதல் வெளியிட்ட இதழ்களும் சிறு நூல்களும் ஆகும். இவர்களுள் முதன்மையானவர் சுப்பிரமணிய பாரதி.

பின்னணி

பாரதி பொறுப்பேற்று நடத்திய 'இந்தியா' வார இதழ் 1906-இல் சென்னையில் தொடங்கப்பட்டது. தமிழில் அரசியல் கேலிச்சித்திரங்களை முதன்முதலில் வெளியிட்ட இதழாக இது கருதப்படுகிறது. எழுத்தறியாதவருக்கும் செய்தி சென்று சேர இச்சித்திரங்கள் உதவின. 1908-இல் வ. உ. சிதம்பரம்பிள்ளை கைது செய்யப்பட்டதும் திருநெல்வேலியில் கலகம் மூண்டது. அதே ஆண்டில் இந்தியா இதழின் மீதும் அரசு பாய்ந்தது. ஆனால் சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் மு. சீனிவாசன். எனவே சிறை சென்றவர் அவரே. எழுதிய பாரதி புதுச்சேரிக்குத் தப்பினார்.

புதுச்சேரியில்

1908 அக்டோபரில் இதழ் புதுச்சேரியிலிருந்து மீண்டும் வெளிவந்தது. விஜயா, கர்மயோகி, சூரியோதயம் ஆகியனவும் தொடர்ந்தன. பிரெஞ்சு மண்ணில் அச்சிடத் தடை இல்லை. ஆயினும் வாசகர்களில் பெரும்பாலோர் எல்லைக்கு அப்பால் பிரித்தானிய இந்தியாவில் இருந்தனர். அச்சகத்தை நெருங்க இயலாத சென்னை அரசு வாசகரை நெருங்கியது: இதழ்கள் உள்ளே வருவதைத் தடுத்தது. 1910 மார்ச்சில் இந்தியா நின்றது.

தாமசு பெயினின் 'பொது அறிவு' (1776) பிலடெல்பியாவில் அச்சாகி அமெரிக்கக் குடியேற்றங்களுக்குள்ளேயே கைமாறியது. புதுச்சேரி எழுத்தாளர்களுக்கு அவ்வாய்ப்பு இல்லை என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும்.

சிறு வெளியீடுகளும் ஆஷ் கொலையும்

வார இதழுக்குச் சந்தாதாரர் பட்டியலும் அஞ்சலும் தேவை. மடித்து மறைக்கத்தக்க சிறு வெளியீட்டுக்கு அவை தேவையில்லை. 1911 சூன் 17 அன்று மணியாச்சி தொடருந்து நிலையத்தில் திருநெல்வேலி ஆட்சியர் ஆஷ், வாஞ்சிநாதனால் சுட்டுக் கொல்லப்பட்டார். வாஞ்சிநாதன் அவ்விடத்திலேயே தற்கொலை செய்துகொண்டார். அதன்பின் நடந்த விசாரணையில் இரண்டு தமிழ்த் துண்டு வெளியீடுகள் கவனத்துக்கு வந்தன. ஒன்று ஆரியர்களுக்குக் கூறும் அறிவுரை. மற்றது அபிநவ பாரத சங்கத்தில் சேர்வோர் ஏற்கும் உறுதிமொழி. பரங்கியரை அழிக்கும் அச்சகம் என்று பொருள்படும் பெயரே அச்சகத்தின் பெயராக அவற்றில் காணப்பட்டது.

வாஞ்சிநாதனிடம் இருந்த கடிதம், மன்னர் ஐந்தாம் சார்ச்சைக் கொல்ல 3000 பேர் உறுதி பூண்டிருப்பதாகக் கூறியது. வழக்கில் நிறுத்தப்பட்டவர்களோ 14 பேர். அவர்களுள் 9 பேர் தண்டனை பெற்றனர். சூரியோதயம் ஆசிரியர் நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழாண்டுச் சிறை. இந்த இடைவெளி கவனிக்கத்தக்கது. வெளியீடுகள் சிலரை உயிர் துறக்கும் அளவுக்கு இட்டுச் சென்றன. மக்கள் எழுச்சியை உருவாக்கவில்லை. 1908-இல் திருநெல்வேலியில் தெருவுக்கு வந்த கூட்டத்தைத் திரட்டியவை வ. உ. சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் மேடைப்பேச்சும், ஆலைத் தொழிலாளர் போராட்டமும், சுதேசிக் கப்பல் நிறுவனமும் ஆகும். அச்சுத்தாள் மட்டும் அதைச் செய்திருக்க இயலாது.

தடை

1911-இல் பாரதியின் 'கனவு', 'ஆறில் ஒரு பங்கு' ஆகிய இரு சிறு நூல்களைச் சென்னை அரசு தடை செய்தது. முன்னது தன் இளமைக் காதலையும் கல்வியையும் கூறும் தன்வரலாற்றுச் செய்யுள். பின்னது தீண்டாமையைக் கண்டிக்கும் கதை. வெடிகுண்டு பற்றிய நூல்கள் அல்ல. எழுதியவரின் பெயரே அரசை அச்சுறுத்தியது போலும்.

பாரதி 1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியேறியபோது கடலூர் அருகே கைதாகி, அடுத்த மாதம் விடுதலையானார்; 1921-இல் காலமானார். 1928-இல் அவருடைய பாடல் நூல்கள் பறிமுதல் செய்யப்பட்டபோது, சென்னை சட்டமன்றத்தில் சத்தியமூர்த்தி அதனை எதிர்த்து வாதிட்டார்.