மனுப் போட்டவன் எல்லாம் மூட்டை கட்டியவன் அல்ல!



"அண்ணாச்சி, உங்க கடைப் பையன் வேற இடத்துல வேலை கேட்டுக்கிட்டு இருக்கான், தெரியுமா?" இப்படி ஒரு சேதி நம்மில் பலர் காதுக்கு வந்திருக்கும். கேட்டதும் கோபம் வரும். "சோறு போட்டு, தொழில் சொல்லிக் கொடுத்தேனே" என்று மனம் பொங்கும். அந்த நேரத்தில் நாம் எடுக்கும் முடிவு பல சமயம் நமக்கே நஷ்டமாக முடிகிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

எளாவூர் நிலவரம்

நம் எளாவூர் சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. தெற்கே கும்மிடிப்பூண்டி சிப்காட். வடக்கே எல்லை தாண்டினால் தடா, ஸ்ரீசிட்டி. ரயில் ஏறினால் சென்னை. மளிகைக் கடையில் பொட்டலம் மடிக்கும் பையனின் கண் முன்னாலேயே கம்பெனி பஸ்கள் போய் வருகின்றன. அவன் ஒரு மனுவாவது போட்டுப் பார்க்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஆனால் மனுப் போட்டவர்கள் எல்லோரும் போய்விடுவதில்லை. 2022-ஆம் ஆண்டு டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு அறிவிக்கப்பட்ட இடங்கள் 7,301. மனுச் செய்தவர்கள் ஏறத்தாழ 22 லட்சம் பேர். அவர்களில் எத்தனையோ பேர் கடையிலும் கம்பெனியிலும் வேலை பார்த்துக்கொண்டே எழுதியவர்கள். ஞாயிற்றுக்கிழமை தேர்வு எழுதிவிட்டுத் திங்கட்கிழமை பழைய வேலைக்கே வந்து நின்றார்கள். மனு என்பது பல வீடுகளில் ஒரு நம்பிக்கைச் சீட்டு, அவ்வளவுதான்.

நான் செய்த தவறு

சில ஆண்டுகளுக்கு முன் என் கடையில் ஏழு வருஷமாக இருந்த ஒரு பையன், சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு மனுக் கொடுத்திருக்கிறான் என்று நண்பர் ஒருவர் சொன்னார். மாலை வியாபார நேரம். வாடிக்கையாளர்கள் நாலைந்து பேர் நிற்கும்போதே, "கம்பெனிக்காரர் இன்னும் எதுக்கு இங்க நிக்கிறீரு?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. கையில் இருந்த பருப்பை நிறுத்துக் கொடுத்துவிட்டுப் போனான். மறுநாள் வரவில்லை.

பிறகுதான் விஷயம் தெரிந்தது. அவனுக்குப் பெண் பார்த்திருக்கிறார்கள். பெண் வீட்டார், "மாப்பிள்ளை எந்தக் கம்பெனி?" என்று கேட்டிருக்கிறார்கள். கடைச் சிப்பந்தி என்று சொல்லக் கூச்சப்பட்டு, "கம்பெனிக்கு மனுப் போட்டிருக்கிறேன்" என்று சொல்வதற்காகவே போட்டிருக்கிறான். போகும் எண்ணமே இல்லை.

எனக்கு வந்த நஷ்டத்தையும் சொல்லிவிடுகிறேன். பற்று நோட்டில் அவன் கையெழுத்தில் "பச்சை வீட்டு அம்மா", "லாரி அண்ணன்" என்றெல்லாம் இருந்தது. யார் யார் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பாக்கிகளில் பாதி வசூலாகவில்லை. அடுத்து வந்த பையன் தொழில் பழக ஒரு வருஷம் ஆயிற்று.

நாம் விலை விசாரிப்பதில்லையா?

அரிசிக்குச் செங்குன்றத்தில் நமக்கு வழக்கமான மண்டி ஒன்று இருக்கும். இருந்தாலும் பக்கத்து மண்டியில் மூட்டை என்ன விலை என்று ஒரு வார்த்தை கேட்டு வருகிறோம். அதற்காகப் பழைய மண்டியை விட்டுவிட்டோம் என்று அர்த்தமா? நாம் கொடுக்கும் விலை நியாயமா என்று தெரிந்துகொள்கிறோம். பையனும் தன் உழைப்புக்கு வெளியே என்ன விலை என்று கேட்கிறான். நமக்கு வியாபார சாமர்த்தியம், அவனுக்கு மட்டும் துரோகம் என்பது எந்தத் தராசு?

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளியல் அறிஞர் 1970-இல் வெளியிட்ட நூலில் இதை அழகாக விளக்கினார். குறை உள்ளவனுக்கு இரண்டு வழி. ஒன்று விலகிப் போவது, மற்றது வாய் திறந்து சொல்வது. விசுவாசம் உள்ளவன் சட்டென்று போகமாட்டான், முதலில் சொல்லிப் பார்ப்பான் என்கிறார். முதலாளியிடம் சொல்ல வழியில்லாத கடையில்தான் பையன் மனு எழுதிப் பார்க்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-ஆம் ஆண்டு வந்தது. அதன் 41-ஆம் பிரிவுப்படி, தொடர்ந்து ஆறு மாதம் வேலை பார்த்தவரை நியாயமான காரணம் இல்லாமல் நீக்கக் கூடாது. ஒரு மாத முன்னறிவிப்பு, அல்லது அதற்குப் பதிலாக ஒரு மாதச் சம்பளம் கொடுக்க வேண்டும். குற்றம் செய்தார் என்று நீக்குவதானால் விசாரித்து நிரூபிக்க வேண்டும். வேறிடத்தில் வேலை கேட்டான் என்பதை அப்படி ஒரு குற்றமாக நிறுத்துவது கடினம்.

இன்னொன்று முன்பணம். "கல்யாணத்துக்கு ஐம்பதாயிரம் கொடுத்திருக்கிறேன், அடைக்கிற வரை நகரக் கூடாது" என்று சிலர் சொல்வதுண்டு. இது ஆபத்தான பேச்சு. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976-லேயே வந்துவிட்டது. கொடுத்த கடனை முறைப்படி வசூலிக்கலாம். கடனைக் காட்டி ஆளைப் பிடித்து வைக்க முடியாது.

செய்ய வேண்டியவை

1. சேதி வந்த அன்றே பேச வேண்டாம். கடை அடைத்த பிறகு, மறுநாள், தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள். "ஏன் மனுப் போட்டாய்?" என்பதை விட "உனக்கு என்னப்பா குறை?" என்று கேட்டால் உண்மை வரும்.

2. கணக்கை இருவரும் சேர்ந்து போடுங்கள். உதாரணமாகக் கம்பெனியில் சம்பளம் 15,000 ரூபாய் என்றால் வருங்கால வைப்பு நிதிக்கு 12 சதவீதம், அதாவது 1,800 ரூபாய் பிடிப்பார்கள். இ.எஸ்.ஐ.க்கு 0.75 சதவீதம் போகும். கைக்கு வருவது 13,000 சொச்சம். சாப்பாடும் வாடகையும் அதிலிருந்துதான். ஆனால் நியாயமாகப் பேச வேண்டும். வைப்பு நிதி அவனுடைய சேமிப்பு, கம்பெனியும் தன் பங்கைப் போடுகிறது. நம் கடையில் சாப்பாடு உண்டு, பிற்காலத்துக்கு என்ன உண்டு?

3. விடுமுறை, வேலை நேரம், உட்கார ஓர் இருக்கை, இவற்றைப் பாருங்கள். கடைச் சிப்பந்திகளுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-இல் சட்டத் திருத்தமே வந்தது.

4. மேலே ஏறப் படி வையுங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலாயா என்று கடல் கடந்து தொழில் நடத்திய காலத்தில், பெட்டியடிப் பையனாகச் சேர்ந்தவன் அடுத்தாள் ஆனான், பிறகு மேலாள் ஆனான். ஏஜெண்டுகளை மூன்று ஆண்டுத் தவணைக்குத்தான் அனுப்பினார்கள். தவணை முடிந்தால் ஊர் திரும்பலாம். போகிற நாளும் தெரியும், ஏறுகிற படியும் தெரியும். நம் கடையில் பத்து வருஷம் இருந்தவனையும் நாம் "பையா" என்றுதானே கூப்பிடுகிறோம்?

5. சக வணிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேறு கடைப் பையன் உங்களிடம் வேலை கேட்டு வந்தால், உடனே அவன் முதலாளிக்குப் போன் போடாதீர்கள். வேலை கொடுக்க முடியாவிட்டால் இல்லை என்று சொல்லி அனுப்புங்கள். ஒரு போனில் ஒரு குடும்பத்தின் பிழைப்பு போய்விடும். எடுப்பதாக இருந்தால், "முதலாளியிடம் சொல்லிவிட்டு, எந்தத் தேதிக்கு வருவாய்?" என்று கேளுங்கள். தேதி சொல்ல முடியாதவன் விசாரிக்க மட்டும் வந்தவன். அவனை நம்பி இருக்கிற ஆளை நிறுத்திவிட வேண்டாம்.

சிப்பந்தித் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. விலை விசாரிப்பது தவறில்லை. "வர்றேன்" என்று ஒருவருக்கு நாள் குறித்துக் கொடுத்துவிட்டுப் போகாமல் இருப்பது தவறு. அவரும் உங்களை நம்பிக் கடையைக் காலியாக வைத்திருப்பார்.

என்னிடம் இருந்த அந்தப் பையன் இன்று ஒரு கம்பெனியில்தான் இருக்கிறான். நான் துரத்தியதால் போனவன். வழியில் பார்த்தால் இன்றும் வண்டியை நிறுத்தி, "நல்லா இருக்கீங்களா அண்ணாச்சி?" என்று கேட்கிறான். எனக்குத்தான் பதில் சொல்ல வாய் வருவதில்லை. உங்களுக்கு அந்த நிலை வேண்டாம்.