வீட்டுக் கணினிகளும் திறவாத கோப்புறையும்

ஒரே வீட்டில் இரண்டு மூன்று கணினிகள் இருப்பது இன்று அருமையன்று. ஒன்றில் குடும்பப் படங்களும் பிள்ளைகளின் பாடக் குறிப்புகளும் சேர்ந்திருக்கும். அவற்றை மற்றோர் அறையிலிருந்தே பார்க்கும் பொருட்டுக் கோப்புறையொன்றைப் பகிர்ந்து வைக்கிறோம். பரீட்சை நெருங்கும் வேளையில் அக்கோப்புறை திறக்க மறுத்தால் வீடே அல்லோலகல்லோலப்படுகிறது. அப்போது நாம் செய்யத்தக்கது யாது?

முதலில் திரையில் தோன்றும் செய்தியை ஊன்றி வாசித்தல் வேண்டும். மற்றைக் கணினியையே காணவில்லை என்று அது கூறினால் குறை வழியில் உள்ளது. அனுமதி இல்லை என்று கூறினால் குறை உரிமையில் உள்ளது. விருந்தினர் வழி தெரியாமல் தவிப்பது வேறு; வாயிலை அடைந்தும் உள்ளே விடப்படாமல் நிற்பது வேறு அன்றோ?

வழியை முதலில் ஆராய்வோம். கோப்புறை உள்ள கணினி உறக்க நிலையில் இருக்கிறதா? இரண்டும் ஒரே வைபை இணைப்பில் உள்ளனவா? விருந்தினர்க்கென ஒதுக்கிய இணைப்பு, பெரும்பாலும் வீட்டுக் கணினிகளை அணுக விடாது. விண்டோசில் வலையமைப்பு 'பொது' எனக் குறிக்கப்பட்டிருந்தால், அக்கணினி பிறர் கண்ணுக்குத் தன்னை மறைத்துக்கொள்ளும். வீட்டு இணைப்பைத் 'தனிப்பட்டது' என மாற்றிக் கோப்புப் பகிர்வையும் இயக்குதல் வேண்டும். கணினியைப் பெயரால் அழைத்துப் பயனில்லையெனில், இரண்டு பின்சாய்கோடுகளை இட்டு அதன் ஐ.பி. முகவரியை எழுதிப் பார்க்கலாம். அவ்வாறு திறந்தால், குறை பெயரை அறிவதில் மட்டுமே உள்ளதெனத் தெளியலாம்.

இனி உரிமையை நோக்குவோம். பகிர்வுக்கென ஓர் அனுமதியும், வட்டிலுள்ள கோப்புகளுக்கென மற்றோர் அனுமதியும் உண்டு. வலையமைப்பின் வழியாக வருவோருக்கு இவ்விரண்டில் இறுக்கமானதே செல்லும். கணினியைத் திறக்க நாம் இடும் பின் இலக்கம் இங்கே உதவாது. கணக்கின் கடவுச்சொல்லே வேண்டும். கடவுச்சொல் அற்ற கணக்கையும் விண்டோஸ் இயல்பாக ஏற்பதில்லை.

இவ்விடத்திற் பொறுமையிழந்து தீச்சுவரை நிறுத்திவிடுவோரும், எல்லோருக்கும் முழு உரிமை வழங்குவோரும், எஸ்.எம்.பி. என்னும் பகிர்வு முறையின் பழைய முதற்பதிப்பை மீண்டும் இயக்குவோரும் உளர். 2017 மே மாதத்தில் வன்னாக்ரை என்னும் தீநிரல், விண்டோசின் அம்முதற்பதிப்பிலிருந்த ஓட்டையின் வழியாகவே நாடு நாடாகப் பரவியது. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரித்தானிய வைத்தியசாலைகளும் தப்பவில்லை. அவ்வோட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசொப்ட் நிறுவனம் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது.

ஆகவே, வீட்டில் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கும் கடவுச்சொல்லும் அமைப்போம். வாசிக்க மட்டும் வேண்டியவருக்கு வாசிக்கும் உரிமையை மட்டும் அளிப்போம். அருமையான படங்களின் பிரதியொன்றை வலையமைப்போடு இணையாத தனி வட்டில் வைத்திருப்போம். கதவு திறவாத தொல்லை ஒரு மாலைப் பொழுதோடு தீரும். கண்டவர்க்கும் திறந்துவிட்ட கதவினால் இழந்தவை மீளா.