காசநோய்: ஏன் இவ்வளவு தாமதம்?

இருமல் தொடங்கி மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துத்தான் வருகிறார்கள். நோயாளியின் கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதை மேசையில் கவிழ்த்தால் பாதி குடித்த இருமல் சிரப் பாட்டில்கள், கத்தரித்துக் கொடுத்த மாத்திரை அட்டைத் துண்டுகள், ஒரு சத்து டானிக் விழுகின்றன. சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. "சாதாரண சளிதான் டாக்டர், நாள்பட்டுப் போச்சு" என்கிறார். எக்ஸ்ரேயில் நுரையீரலில் ஓட்டை விழுந்திருக்கிறது.

அந்த நான்கு மாதத்தில் அவரைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்! மருந்துக்கடைக்காரர், தெருமுனை டாக்டர், வேலை கொடுத்த மேஸ்திரி, உடன் தங்கியவர்கள், உறவினர்கள். ஒருவராவது "போய்ச் சளியைப் பரிசோதனை செய்" என்று சொல்லி அனுப்பியிருந்தால் இந்த நிலை வந்திருக்காது.

உலகின் காசநோயாளிகளில் ஏறக்குறைய நான்கில் ஒருவர் இந்தியாவில் இருக்கிறார். 2025-க்குள் இந்நோயை ஒழிப்பதாக நாடு இலக்கு வைத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, 2015-இல் லட்சம் பேரில் 237 பேருக்கு வந்த நோய் 2023-இல் 195 பேருக்கு வந்தது. குறைந்திருக்கிறது, ஒழியவில்லை. மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. நோயாளியை மருந்திடம் கொண்டுவந்து சேர்க்கும் கைகள்தான் போதவில்லை.

மருந்துக்கடையே மருத்துவமனை அல்ல

கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக்கை நினைத்தாலே எனக்குக் கோபம் வருகிறது. லெவோஃப்ளாக்சசின் போன்ற மாத்திரை காசநோய்க் கிருமியைக் கொஞ்சம் அடக்கும். காய்ச்சல் விடும், பசிக்கும், "குணமாகிவிட்டது" என்று தோன்றும். ஆனால் கிருமி சாகாது. பரிசோதனையில் பிடிபடாமல் நழுவும், மருந்துக்கு மசியாத கிருமியாக மாறவும் கூடும். ஸ்டீராய்டு கலந்து கொடுத்தால் இன்னும் மோசம். உடலின் எதிர்ப்பு சக்தியை அது குறைத்துவிடும்.

கழுத்தில் நெறிகட்டினால் பச்சிலைப் பற்றுப் போட்டு, பழுத்து உடைந்து சீழ் வடியும்போது அழைத்து வருகிறார்கள். அதுவும் காசநோயாக இருக்கலாம். ஆடாதோடைக் கஷாயம் தொண்டைக்கு இதமாக இருக்கட்டும். அது காசநோய்க் கிருமியைக் கொல்லாது. கஷாயத்தை நம்பி மாதங்களைக் கடத்தாதீர்கள்.

நம்மிடம் உள்ள தவறான எண்ணங்கள்

"எங்கள் பரம்பரையில் யாருக்கும் கிடையாது." இது பரம்பரை நோய் அல்ல, காற்றில் பரவும் நோய். சிகிச்சை எடுக்காத நோயாளி இருமும்போது கிருமி வெளியே வருகிறது. காற்றோட்டமில்லாத அறையில் கூட இருப்பவருக்குத் தொற்றுகிறது.

"தட்டு, டம்ளரைத் தனியாக வைத்துவிட்டோம்." தட்டாலும் டம்ளராலும் காசநோய் பரவாது. பாத்திரத்தைப் பிரித்து வைத்துவிட்டு ஜன்னலைச் சாத்தி வைத்திருப்பதால் என்ன பயன்? ஜன்னலைத் திறந்து வையுங்கள். நோயாளி முகக்கவசம் போடட்டும். சரியான மருந்து தொடங்கினால், பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களிலேயே பரப்பும் தன்மை வெகுவாகக் குறைந்துவிடும்.

"மாத்திரை போட்டதும் சிறுநீரில் ரத்தம் போகிறது." அது ரத்தம் அல்ல, ரிஃபாம்பிசின் மருந்தின் நிறம். இதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் குப்பையில் போட்டவர்கள் பலர். கண் மஞ்சளானாலோ வாந்தி நிற்காவிட்டாலோ அன்றே மருத்துவரிடம் வாருங்கள்.

"இருமல் நின்றுவிட்டது, மாத்திரை எதற்கு?" சாதாரணக் காசநோய்க்கே ஆறு மாதம் மருந்து வேண்டும். இரண்டாம் மாதத்தில் உடம்பு தேறியதும் நிறுத்துகிறவர்களிடம்தான் நோய் திரும்ப வருகிறது. அப்போது அதே மாத்திரைகள் கேட்காமல் போகலாம்.

"சின்ன வயதில் பிசிஜி போட்டாச்சு." பிசிஜி, குழந்தைகளை மூளைக்காய்ச்சல் போன்ற கொடிய வகைக் காசநோயிலிருந்து காக்கிறது. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை அது தடுக்கவில்லை என்பதை 1968-இல் நம் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய ஆய்வே காட்டிவிட்டது.

"ஏழைகளுக்கும் குடிகாரர்களுக்கும் வரும் நோய்." சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து இரண்டு மூன்று மடங்கு அதிகம். குளிர்சாதன அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கும் வருகிறது, கல்லூரி மாணவிக்கும் வருகிறது.

"பெண்ணுக்கு வரன் பார்க்கிறோம், வெளியே தெரிய வேண்டாம்." தாய் தனியாக உட்கார்ந்து இதைச் சொல்லும்போது மனம் கனக்கிறது. முழுதாகக் குணமாகிற நோய் இது அம்மா. மறைத்தால்தான் பெண்ணின் வாழ்க்கை வீணாகும்.

பரிசோதனை

சளிப் பரிசோதனையும் எக்ஸ்ரேயும் அரசு மருத்துவமனைகளில் இலவசம்.

கைகோத்தபோது என்ன நடந்தது

1950-களில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும். அந்தக் காலத்தில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சென்னையில் ஒரு மையம் தொடங்கின. நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவர்களுக்குச் சானடோரியத்திலும் மருந்து கொடுத்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். அவர்களுடன் வசித்த குடும்பத்தாருக்கு அதனால் தொற்று கூடவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு, உலகம் முழுவதும் சிகிச்சை முறையை மாற்றியது. சேத்துப்பட்டில் இன்று இயங்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அந்த மையத்தின் வளர்ச்சிதான்.

2022-இல் தமிழ்நாடு தொடங்கிய 'காசநோய் இறப்பில்லா திட்டம்' அதே வழியில் நடக்கிறது. நோய் உறுதியானதும் எடை, மூச்சு, நிற்க முடிகிறதா என்று பார்த்து, மோசமான நிலையில் உள்ளவரை உடனே மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். களப்பணியாளரும் ஆராய்ச்சியாளரும் மருத்துவமனையும் ஒரே வரிசையில் நிற்பதால் இது முடிகிறது.

சாப்பாடும் மருந்துதான். ஜார்க்கண்டில் நோயாளியின் வீட்டாருக்கு ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, சத்து மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். அந்தக் குடும்பங்களில் புதிதாக நோய் வருவது ஏறக்குறைய 40 சதவீதம் குறைந்ததாக 2023-இல் முடிவு வெளியானது. அரசு இப்போது சிகிச்சைக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. 'நிக்‌ஷய் மித்ரா' ஆகப் பதிவு செய்து யாரும் ஒரு நோயாளிக்கு மாதாந்திர உணவுப் பொருள் வாங்கித் தரலாம். ஊர்ச் சங்கம், கோயில் கமிட்டி, ஜமாஅத், தேவாலயம், வணிகர் சங்கம் எல்லாம் ஏன் வரக்கூடாது?

கெஞ்சிக் கேட்கிறேன்

மருந்துக்கடை நண்பர்களே, இரண்டாவது முறை இருமல் மருந்து கேட்டு வருபவருக்குப் பாட்டிலை நீட்டாதீர்கள், பரிசோதனைக்கு அனுப்புங்கள். சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் தராதீர்கள்.

தனியார் மருத்துவர்களே, நோயாளியைப் பதிவு செய்வது 2012 முதல் கட்டாயம். பதிவு செய்தால் உங்கள் நோயாளிக்கும் உதவித்தொகை கிடைக்கும்.

முதலாளிகளே, மேஸ்திரிகளே, நோய் என்றதும் ஆளை ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். விடுப்பு கொடுங்கள், வேலையைக் காப்பாற்றி வையுங்கள். ஊர் மாறினாலும் சிகிச்சையைத் தொடர வழி உண்டு, போகுமுன் மாத்திரை கொடுப்பவரிடம் சொல்லச் செய்யுங்கள்.

குடும்பத்தாரே, வீட்டில் ஒருவருக்கு நோய் என்றால் எல்லோரும் பரிசோதனைக்கு வாருங்கள், குழந்தைகளை முதலில் கூட்டி வாருங்கள். நோய் இல்லாதவர்களுக்குத் தடுப்பு மருந்தும் இருக்கிறது. பீடி, சிகரெட்டை விடுங்கள். மாத்திரை போடும் காலத்திலாவது குடிக்காதீர்கள், கல்லீரல் தாங்காது.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு, சளியில் ரத்தம் இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காதீர்கள். அருகில் உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 1800-11-6666 என்ற இலவச எண்ணிலும் கேட்கலாம். பக்கத்து வீட்டில் இப்படி ஒருவர் இருமினால் முகம் சுளித்து விலகாமல் நீங்களே கூட்டிப் போங்கள். நாளைக்கு என்று தள்ளாமல் இன்றைக்கே செய்யுங்கள்.