1 லட்சம் கி.மீ. ஓடிய கார்: டேப்பட் அட்ஜஸ்ட்மென்ட் அவசியமா? எப்படி முடிவு செய்வது?

"சார், டேப்பட் சவுண்டு வருது, செட் பண்ணிடலாமா?" பழைய காரை சர்வீஸுக்கு விட்ட பலரும் கேட்டிருக்கும் கேள்வி இது. சரி என்றால் தேவையில்லாத செலவோ, வேண்டாம் என்றால் இன்ஜின் போய்விடுமோ என்று குழப்பம். முடிவெடுக்க சில அடிப்படை விஷயங்கள் தெரிந்தால் போதும்.

பெங்களூரு அடுகோடிக்கும் இன்ஜினுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1951-ல் தொடங்கிய மைக்கோ நிறுவனம் (2008 முதல் பாஷ் லிமிடெட்) ஸ்பார்க் பிளக், டீசல் பம்ப் தயாரித்தது இங்குள்ள ஆலையில்தான். 2022-ல் அந்த இடம் ஸ்மார்ட் கேம்பஸாக மாறியது. இன்று அடுகோடி என்றாலே பலருக்கு சிக்னல்தான் ஞாபகம் வரும். அதுவும் இந்த விஷயத்தில் முக்கியம். நெரிசலில் நிற்கும்போது ஓடோமீட்டர் நகராது. வால்வுகள் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் நகரத்தில் ஓடிய 80,000 கி.மீ., ஹைவேயில் ஓடிய 80,000 கி.மீ.-க்குச் சமம் அல்ல.

வால்வு இடைவெளி என்றால் என்ன?

இன்ஜின் 3,000 ஆர்.பி.எம்.-ல் சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 25 முறை திறந்து மூடுகிறது. உலோகம் சூட்டில் விரியும் என்பதால், வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே சின்ன இடைவெளி விடுவார்கள். பல இன்ஜின்களில் இது 0.15 முதல் 0.30 மி.மீ. வரைதான். தேய்மானத்தால் இந்த இடைவெளி கூடலாம், குறையவும் செய்யலாம்.

எது ஆபத்து? சத்தமா, அமைதியா?

இங்கேதான் பலரும் தப்புக்கணக்கு போடுகிறார்கள். இடைவெளி கூடினால் 'டிக் டிக்' சத்தம் வரும், பவர் கொஞ்சம் குறையும். ஆனால் இடைவெளி குறைந்தால் சத்தமே வராது. வால்வு முழுசாக மூடாது. மூடியிருக்கும் நேரத்தில்தான் வால்வின் சூடு சீட் வழியாக வெளியேறும். அது நடக்காவிட்டால் எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பு எரிந்துவிடும். பிறகு ஹெட்டையே கழற்ற வேண்டியதுதான். சி.என்.ஜி., எல்.பி.ஜி. கார்களில் வால்வு சீட் சீக்கிரம் தேய வாய்ப்பு இருப்பதால் கூடுதல் கவனம் தேவை.

எல்லா காருக்கும் பொருந்துமா?

இல்லை. ஸ்விஃப்ட் டீசலில் வந்த 1.3 லிட்டர் மல்டிஜெட் போன்ற இன்ஜின்களில் ஹைட்ராலிக் டேப்பட் இருக்கும். ஆயில் அழுத்தத்தில் அது தானாகவே இடைவெளியைச் சரிசெய்துகொள்ளும். இதில் 'அட்ஜஸ்ட்' செய்ய எதுவும் இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்ததும் சில விநாடி சத்தம் வந்து நின்றால் பெரும்பாலும் பயப்பட வேண்டாம். தொடர்ந்து வந்தால் ஆயில் அளவு, கிரேடு, அழுத்தம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள்.

ஹோண்டா சிட்டி ஐ-விடெக் பெட்ரோல் போன்றவற்றில் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்யலாம். வேறு சில இன்ஜின்களில் ஷிம் அல்லது டேப்பட்டையே மாற்ற வேண்டும். வேலையும் அதிகம், செலவும் அதிகம். உங்கள் கார் எந்த வகை, எத்தனை கி.மீ.-க்கு ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதை ஓனர்ஸ் மேனுவலிலோ சர்வீஸ் சென்டரிலோ உறுதி செய்யுங்கள்.

எப்போது செக் செய்ய வேண்டும்?

• மேனுவல் சொல்லும் கி.மீ. தாண்டியிருந்தால், சத்தம் இல்லாவிட்டாலும்
• ஐடிலிங்கில் வண்டி நடுங்கினால், பவரோ மைலேஜோ குறைந்தால்
• சர்வீஸ் ரெக்கார்டு இல்லாத செகண்ட் ஹேண்ட் கார் வாங்கினால்

சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம். இன்ஜெக்டரும் டிக் டிக் என்றுதான் ஒலிக்கும். எக்ஸாஸ்ட் லீக்கும் அப்படியே. நடுக்கத்துக்கு பிளக், காயில் காரணமாக இருக்கலாம். முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, கம்ப்ரெஷன் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஒரு சிலிண்டரில் மட்டும் அளவு குறைந்தால் வால்வைச் சந்தேகிக்கலாம்.

மெக்கானிக்கிடம் என்ன கேட்கலாம்?

"அளந்து பார்த்தீங்களா? எந்த வால்வுல எவ்வளவு இருக்கு?" இந்த இரண்டு கேள்வி போதும். ஃபீலர் கேஜ் வைத்து, பெரும்பாலான கார்களில் இன்ஜின் நன்கு ஆறிய பிறகே அளக்க வேண்டும். அதனால் வண்டியை முந்தின நாள் மாலையே விடுவது நல்லது. வால்வு கவர் கேஸ்கெட்டைப் புதிதாகப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஆயில் கசியலாம்.

அளவு சரியாக இருந்தால் அட்ஜஸ்ட் செய்ய வேண்டியதில்லை. அளக்காமலே 'செட்' செய்கிறேன் என்றால், வேறு மெக்கானிக்கைப் பாருங்கள்.